இருபுறமும் ஒத்துவர வேண்டிய விடை

1911-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி, 1958-இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். அதற்கு முன் அப்பதவியில் இருந்தோர் அனைவரும் பிரித்தானியரே. 1961-இல் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நமது கடற்படையில் சேர்ந்தபோது தலைமையில் இருந்தவர் அவர்தாம். பணி ஓய்வுக்குப் பின் ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவராகவும், பர்மாவில் இந்தியத் தூதராகவும் விளங்கினார். பின்னர் இந்த இரட்டை நகரத்தின் செகந்திராபாத் பகுதியில் வாழ்ந்து, 1983-இல் மறைந்தார். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 1971-இல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிடத் தொடங்கியபோது அதனை முதன்முதலில் அமைத்தவரும் இவரே என்னும் செய்தி, நாள்தோறும் அப்புதிரோடு மல்லுக்கட்டும் ஹைதராபாத் வாசிகள் பலருக்குத் தெரிவதில்லை.

அந்தப் புதிரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோரே மிகுதி. ஆங்கிலம் நன்கு கற்றோரும் அதன் குறிப்புகளைப் படித்ததும் மலைத்து நிற்கின்றனர். குறிப்பு ஏதோ ஒரு கதையைச் சொல்கிறது; விடையோ அதற்குத் துளியும் தொடர்பற்றதாக மறுநாள் வெளியாகிறது. ‘இதற்கு அபாரமான சொல்வளம் வேண்டும்’ என்று ஒதுங்கிவிடுகின்றனர். வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றும் என்னைக் கேட்டால், சொல்வளத்தைவிடக் கணக்குப்பதிவியலின் பயிற்சியே இதற்கு அதிகம் உதவுகிறது என்பேன். காரணத்தைக் கூறுகிறேன்.

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது ஒரு பொருள் விளக்கம் மட்டுமே. ‘மலர்’ என்று கேட்டால் ‘பூ’ என்று எழுதுவோம். ஆர்தர் வின் என்பவர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளியிட்ட முதல் புதிர் இத்தகையதே. அது சாய்சதுர வடிவில் அமைந்திருந்தது. ஆங்கிலேயர் கைக்குச் சென்றபின் இந்த விளையாட்டின் இயல்பே மாறிற்று. லண்டன் ‘டைம்ஸ்’ 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தன் புதிரைத் தொடங்கியது. அக்காலத்தில்தான் ‘கிரிப்டிக்’ எனப்படும் மறைபொருட் குறிப்பு அங்கே வேரூன்றி வந்தது. ‘தி இந்து’வின் நாட்புதிரும் இம்மரபினதே.

மறைபொருட் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி விடையின் நேர்ப்பொருள். மற்றொன்று, விடையின் எழுத்துகளைக் கட்டியமைக்கும் வழி. இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில், தையல் தெரியாதவாறு இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியைக் கொண்டு விடையை ஊகிக்கலாம். மற்றொரு பகுதியைக் கொண்டு அதனைச் சரிபார்க்க வேண்டும். பற்றும் வரவும் ஒத்து நின்றால்தான் பேரேட்டில் பதிவு முழுமை பெறும் என்னும் இரட்டைப் பதிவு முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழில் விளக்குவது கடினம். ஆகவே தமிழிலேயே ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன்.

‘பொழிலோடு பொழில் சேர, வங்கியில் கொடுத்தால் பணமாகும் (3)’

அடைப்புக்குள் இருக்கும் எண் விடையின் எழுத்துகளைக் குறிக்கிறது. படித்தவுடன் மரங்கள் அடர்ந்த தோப்பு மனக்கண்முன் தோன்றும். யாரோ நிலத்தை அடகு வைக்கிறார் போலும் என்று எண்ணம் ஓடும். புதிரமைப்போர் விரும்புவதும் அதுவே. அந்தக் காட்சியைக் கலைத்துவிட்டுச் சொற்களை வெறும் சரக்குகளாகப் பார்க்க வேண்டும். பொழில் என்பதற்குக் ‘கா’ என்று ஒரு சொல் உண்டு. ‘சோலை’ என்றும் ஒரு சொல் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ‘காசோலை’. வங்கியில் கொடுத்தால் பணமாவது அதுதானே. காசு, ஓலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து காசோலை ஆயிற்று என்பது நாமறிந்த இலக்கணம். புதிரோ அச்சொல்லை வேறோர் இடத்தில் வெட்டுகிறது. சொற்பிறப்பு அதற்குப் பொருட்டில்லை. எழுத்துகள் மட்டுமே பொருட்டு.

இங்கே கவனிக்க வேண்டியது, விடை கிட்டிய கணத்தில் ஐயம் முற்றிலும் நீங்கிவிடுகிறது என்பது. ‘வங்கியில் கொடுத்தால் பணமாகும்’ என்பதை மட்டும் பார்த்தால் ‘தங்கநகை’ என்றும் கூறலாம், ‘பத்திரம்’ என்றும் கூறலாம். ஆனால் இரண்டு பொழில்களால் கட்டப்பட்ட சொல் காசோலை ஒன்றே. மறுநாள் நாளிதழ் வந்து உறுதிசெய்ய வேண்டிய தேவையில்லை.

கட்டும் வழிகள் பலவகைப்படும். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து மாற்றுவது ஒன்று. ‘தலை விடு எனக் கலைத்தபின் 1947-இல் கிடைத்தது (4)’ என்றால் விடை ‘விடுதலை’. ஆங்கிலத்தில் ‘சைலண்ட்’ என்னும் சொல்லின் ஆறு எழுத்துகளையே இடம் மாற்றினால் ‘லிசன்’ கிடைக்கும். மௌனமும் செவிசாய்த்தலும் ஒரே எழுத்துகளால் ஆனவை. ‘கலைத்த’, ‘குழம்பிய’, ‘உடைந்த’, ‘சிதறிய’ போன்ற சொற்கள் குறிப்பில் தென்பட்டால் இவ்வகையாக இருக்கலாம் என்று கொள்க.

ஒரு சொல்லுக்குள் மற்றொன்றைச் செருகுவது வேறொரு வழி. ‘கோலுக்குள் விளக்கின் தலை வைத்தால் தெய்வம் உறையும் இடம் (3)’. விளக்கின் தலை என்பது அச்சொல்லின் முதலெழுத்தாகிய ‘வி’. அதனைக் ‘கோல்’ என்பதன் இடையே வைத்தால் ‘கோவில்’. சில நேரங்களில் விடை குறிப்பிலேயே ஒளிந்து கிடக்கும். ‘முகடல்லவா! அதனுள்ளா அலை வீசும் இடம்? (3)’ என்பதில் முதல் சொல்லின் நடுவே ‘கடல்’ இருப்பதைக் காண்க. ‘வானத்தில் வருவது, வாரத்திலும் வருவது (4)’ என்று இரு பொருள்களை மட்டும் அடுத்தடுத்து வைப்பதும் உண்டு. விடை ‘திங்கள்’. அங்கே இரண்டும் பொருள் விளக்கங்களே. ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கின்றன.

இவையெல்லாம் மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டா. தண்டியலங்காரம் சித்திரகவிகளின் வகைகளைப் பட்டியலிடுகிறது. ஒரு சொல்லின் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சியது ஒவ்வொரு முறையும் புதுப்பொருள் தருவது அக்கரச்சுதகம். ‘நகரம்’ தலையிழந்தால் ‘கரம்’ எஞ்சுகிறது என்பதும் அவ்வகையினதே. ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறை செய்யுள். பல வினாக்களுக்குரிய விடைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பெயர் அமைவது வினாவுத்தரம். நம் காசோலையின் முன்னோர் அது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சிலேடைக்குக் காளமேகப் புலவரைச் சொல்லவே வேண்டா. நம்மிடம் இல்லாதிருந்தவை கறுப்பும் வெளுப்புமான கட்டங்கள் மட்டுமே.

குறிப்பு எத்துணை வஞ்சகமாக இருந்தாலும் அதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு. ‘அஃப்ரிட்’ என்னும் புனைபெயரில் புதிர்கள் அமைத்த ஏ.எஃப். ரிச்சி, 1949-இல் வெளியிட்ட ‘ஆம்சேர் கிராஸ்வேர்ட்ஸ்’ நூலில் அதனை வகுத்தார். புதிரமைப்பவர் தாம் கூறுவதையே கருத வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆனால் தாம் கருதுவதைக் குறிப்பில் கட்டாயம் கூறியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘சிமினீஸ்’ என்னும் பெயரில் எழுதிய டி.எஸ். மக்நட் 1966-இல் வெளிவந்த தம் நூலில் இக்கொள்கையை மேலும் கறாராக்கினார். குறிப்பில் ஒரு சொல்லும் வீணாக இருத்தல் ஆகாது. தணிக்கையாளர் ஒருவர் கையில் கிடைத்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டும்படி குறிப்பு அமைய வேண்டும்.

இந்த ஒழுக்கம் ஏன் இன்றியமையாதது என்பது, அது இல்லாத புதிர்களின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும்.

1930-களில் தமிழ் இதழ்களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் மோகமாகப் பரவின. ‘ஆனந்த விகடன்’ போன்ற முன்னணி இதழ்களும் அவற்றை நடத்தின. அப்போட்டிகளின் குறிப்பு எத்தகையது என்பதற்கு நானே ஒரு மாதிரி தருகிறேன். ‘வாழ்க்கைக்கு இன்றியமையாதது’ என்று ஒரு குறிப்பு. கட்டத்தில் முதலெழுத்து காலியாகவும், அடுத்து ‘ணம்’ என்றும் இருக்கும். விடை பணமா, குணமா, மணமா? மூன்றும் பொருந்தும், எதற்கும் சான்று இல்லை. எது சரி என்பது ஆசிரியர் முத்திரையிட்டு வைத்திருக்கும் உறைக்குள் இருக்கிறது. இவ்வாறு பத்து இடங்களில் மும்மூன்று விடைகள் பொருந்துமானால், எல்லாச் சேர்க்கைகளையும் அனுப்ப 59,049 படிவங்கள் தேவை. படிவத்துக்கு நாலணா நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 14,762 ரூபாய் 4 அணா. அறிவுப் போட்டி என்று பெயர், நடப்பதோ சூதாட்டம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், ஒரு மாதத்தில் வழங்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும், ஒரு போட்டிக்கு 2,000 படிவங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது என்றும் விதித்தது. இத்தகைய போட்டிகளைப் பெரிய அளவில் நடத்தி வந்த ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1957-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த தீர்ப்பு, திறமையால் வெல்லும் போட்டி வேறு, சூது வேறு என்று பிரித்தது. வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த போட்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்றும், சூதின் இயல்புடையவற்றுக்கே சட்டம் பொருந்தும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற இசை அறிஞரும் அவரே என்பது சுவையான செய்தி. இன்று இணைய விளையாட்டுகள் பற்றிய வழக்குகளிலும் அத்தீர்ப்பு எடுத்தாளப்படுகிறது.

வருமானவரிச் சட்டத்திலும் குறுக்கெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194பி பிரிவு, லாட்டரியையும் குறுக்கெழுத்துப் புதிரையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் பணத்தில் 30 சதவீத வரியைப் பரிசு தருபவரே பிடித்தம் செய்துகொண்டு மீதியை வழங்க வேண்டும். இதனை நான் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு.

சில காலத்துக்கு முன் எமது கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். நகரின் பழைய தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். நாளிதழ்ப் புதிரை நாள் தவறாமல் நிரப்புபவர். 18,000 ரூபாயை முன்பின் அறியாத ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். கைப்பேசியில் வந்த சொற்புதிர் ஒன்றுக்கு விடை எழுதினாராம். பெரும் பரிசு விழுந்திருக்கிறதாம். வரியை முன்னதாகக் கட்டினால் பரிசு வந்து சேருமாம். பதிவுக் கட்டணம் என்று 4,900 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

‘‘புதிர் என்ன அம்மா?’’ என்று கேட்டேன்.

‘‘மூன்றெழுத்துச் சொல். முதலில் ம, கடைசியில் ம். மனிதனுக்கு அமைதி தருவது என்று குறிப்பு. மனம் என்று எழுதினேன். சரி என்று உடனே பதில் வந்தது.’’

‘‘மரம் என்று எழுதியிருந்தால்?’’

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘‘அதற்கும் சரி என்றுதான் வந்திருக்கும், தம்பி’’ என்று சொல்லிவிட்டுப் பணம் அனுப்பும் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சட்டப் பிரிவை எடுத்துரைப்பதற்கு முன்பே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் அன்றே புகாரைப் பதிவுசெய்தோம். முதலில் போன பணம் மீளவில்லை. 18,000 ரூபாய் அவர் கணக்கிலேயே இருக்கிறது.

நாளிதழ்ப் புதிரை நிரப்புவோரிடம் ஒரு நற்பழக்கம் உண்டு. கட்டங்களை நிரப்பிவிட்டு எழுந்துவிடாமல், ஒவ்வொரு விடையும் எவ்வாறு அமைந்தது என்று ஓரத்தில் குறித்து வைப்பார்கள். பொருள் விளக்கம் எது என்று அடிக்கோடிடுவார்கள். எந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பிரித்துக் காட்டுவார்கள். நூலுக்கு உரை எழுதிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. எமது அலுவலகத்திலும் உணவு இடைவேளையில் நால்வர் கூடி இவ்வாறு உரை காண்பது வழக்கம். விடை தெரிந்தும் வழி தெரியாதவற்றின்மீது ஒரு கேள்விக்குறி இடுவோம். அவற்றை ‘அனாமத்துக் கணக்கு’ என்று அழைக்கிறோம். மாலைக்குள் அக்கணக்கைத் தீர்த்தாக வேண்டும் என்பது எழுதாத விதி. தீராதவை மறுநாள் தேநீரோடு மீண்டும் எடுக்கப்படும். விடையை ஊகித்துவிட்டு வழியை அறியாதவருக்கு அந்தக் குறிப்பில் பாதி மதிப்பெண்தான் தருவோம். அவ்வாறு பாதி பெறுவோரிடையே எழும் வாதங்கள் கடன் வழங்கும் குழுவின் கூட்டத்தைவிடக் காரசாரமானவை.

புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில சொற்கள். முழுப் புதிரையும் முடிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். முதல் மாதத்தில் நாளொன்றுக்கு நான்கு விடைகள் போதும். பொருள் விளக்கம் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும்; நடுவில் இராது. ஆகவே முதலில் இரு முனைகளையும் பாருங்கள். விடை கிட்டாத குறிப்புகளுக்கு மறுநாள் வெளியாகும் விடையைக் கொண்டு, வழியைப் பின்னோக்கிக் கண்டுபிடியுங்கள். இந்தப் பின்னோக்கிய பயிற்சியே எனக்கு மிகுதியும் உதவிற்று. கட்டங்களின் அமைப்பும் துணைசெய்யும். பதினைந்துக்குப் பதினைந்து என்று 225 கட்டங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் அமைந்திருக்கும். குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்ளும் எழுத்துகள் ஒவ்வொரு விடைக்கும் மூன்றாவது சான்றாகின்றன. கிரிட்மேன், சங்கலக், நேயார்த்தா என்று ஒவ்வொரு புதிரமைப்பாளருக்கும் ஒரு புனைபெயரும் ஒரு தனிப் போக்கும் உண்டு. நாளடைவில் கையெழுத்தைக் கொண்டு வாடிக்கையாளரை அறிவதுபோல் அவர்களையும் அறிந்துகொள்வீர்கள்.

மூளைக்குப் பயிற்சி, மறதிக்கு மருந்து என்று இதனைப் பரிந்துரைப்போர் பலர். அதனை மருத்துவர்கள் கூறட்டும். 1942-இல் ‘டெய்லி டெலிகிராஃப்’ புதிரைப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிக்கும் போட்டியில் கலந்துகொண்டோர் சிலர், பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைகுறியீடுகளை உடைக்க அழைக்கப்பட்டனர் என்பது வரலாறு. நமக்கு அத்தகைய அழைப்பு வரப்போவதில்லை. மகிழ்ச்சி ஒன்றே போதும்.

தமிழில் இம்முறையைக் கொண்டுவருவது எளிதன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; நமக்கு 247. ஒரு கட்டத்தில் ‘லை’ என்று விழுந்துவிட்டால் அதன் வழியே செல்லும் மற்றச் சொல்லும் ‘லை’யைக் கொண்டிருக்க வேண்டும். தீர்ப்பவர்க்கு இது பேருதவி, அமைப்பவர்க்குப் பெருந்தலைவலி. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால், ஒரு சொல் கீழ்நோக்கித் தொடங்கும் கட்டத்தில் குறுக்கே செல்லும் சொல்லின் மெய்யெழுத்து வந்துவிடலாகாது. சந்தியும் குறுக்கிடும், இரு சொற்களைச் சேர்த்தால் நடுவே வல்லெழுத்து ஒன்று தானாக முளைத்துவிடும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் மறைபொருட் குறுக்கெழுத்துகளைத் தமிழில் அமைத்து வந்திருக்கிறார். முடியும் என்பதற்கு அது சான்று.

வாசகர்களுக்கு இரண்டு குறிப்புகளை விட்டுச்செல்கிறேன். இரண்டும் வங்கிக்கு நெருக்கமானவை. விடையோடு வழியையும் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். விடை மட்டும் வந்தால் அனாமத்தில் வைக்கப்படும்.

வட்டியோடு எதைக் கட்டுவோம்? ஆற்றில் கண்டால் ஓடுவோம்! (3)

தாண்டு, அவன் முடிவில் வங்கிக்குத் திருப்பித் தரவேண்டியது (3)